லிபாஸ் இன்னும் இணைப்பில் இருக்கிறது

ஜீப்னி வண்டியிலிருந்து ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியது ஜோவிதா ஒருத்திதான். மதியம்தான் ஆகியிருந்தது. ஆனால் கடலிலிருந்து ஏறிவந்த மேகம் ஊரையே மூடிப் போட்டிருந்ததால், பொழுது சாய்ந்தது போல வெளிச்சம் மங்கிக் கிடந்தது. தோளில் ஒரு பை, கையில் புது டிஸ்க்குகள் வைத்த பெட்டி. பெட்டி நனைந்துவிடக் கூடாதே என்று மழைக்கோட்டுக்குள் பிள்ளையை அணைப்பதுபோல அணைத்துக்கொண்டு, தான் முழுக்க நனைந்தபடி வராந்தாவுக்கு ஓடினாள்.

அங்கே ஒரு பருத்த பெண்மணி, காலை அகட்டி நாற்காலியில் உட்கார்ந்து, கருவாட்டைப் பிய்த்துச் சோற்றோடு பிசைந்துகொண்டிருந்தார். தலைமை நர்ஸ் பெலென். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் மனா பெலென், பெலென் அக்கா. அந்த ஊரில் அக்காவை மனா என்பார்கள், அண்ணனை மனோ, சின்னப் பெண்ணை இண்டாய்.

"செபு டவுன்லேர்ந்து வர்ற கம்ப்யூட்டர் ஆளு நீதானா இண்டாய்? நான் என்னமோ தடியா ஒரு ஆம்பள வருவான்னு நெனச்சேன். அதுவும் நல்லதுதான். அந்த ரூமுக்குள்ள தடியா இருந்தா நுழைய முடியாது. என்னையே பாரு, வாசலோட சரி."

"சர்வர் அங்கயா இருக்கு, மனா?"

"அங்கதான். மொதல்ல சாப்பிடு. அது எங்கயும் ஓடிடாது."

ஜோவிதா சாப்பிடவில்லை. எக்ஸ்ரே படங்கள் பதிவாகவில்லை, டிஸ்க்கில் இடமே இல்லை என்று காலையிலிருந்து தொலைபேசியில் நச்சரித்தார்கள். தென்னை மரத்திலிருந்து விழுந்த ஒரு கிழவர், விலா நொறுங்கி, எந்தப் பக்கமும் புரள முடியாமல் அவசரப் பிரிவில் கிடந்தார். அவரை எக்ஸ்ரே எடுத்தாயிற்று. ஆனால் படம் டாக்டரின் திரைக்குப் போய்ச் சேரவில்லை.

கட்டடத்தின் பின்கோடியில் இருந்தது அந்த அறை. பிலிம் கழுவிய காலத்தில் அதுதான் இருட்டறை. ஜன்னல் கிடையாது. பிலிம்கள் போய்க் கணினி வந்த பிறகு, குளிர்சாதனப் பெட்டி ஒன்றை மாட்டி சர்வரை அங்கே வைத்திருந்தார்கள். பழைய சிவப்பு பல்பு மட்டும் மாறவில்லை.

"வெள்ளை ட்யூப் போட்டா நிக்க மாட்டேங்குது," என்றார் பெலென், வாசலிலேயே நின்றபடி. "மாத்தி மாத்திப் பார்த்துட்டாங்க. ப்யூஸ் போயிடுது. சிவப்பு மட்டும் எரியுது."

அறைக்குள் காடி வாசனை அடித்தது. எத்தனையோ வருஷம் பிலிம் கழுவிய மருந்து சுவருக்குள் ஊறிப்போயிருந்தது. அதோடு சேர்ந்து இன்னொரு வாசனையும் இருந்தது. மழை விட்டதும் தோண்டிய குழியில் எழும்புமே, அந்த ஈரமண் வாசனை. சுவரில் ஓதம் ஏறியிருக்கும் என்று ஜோவிதா நினைத்துக்கொண்டாள்.

அவள் உள்ளே போனதும் கதவு தானாகவே மெல்லச் சாத்திக்கொண்டது. வெளிச்சம் புகாதிருக்க வைத்த பழைய ஸ்ப்ரிங் அது.

ஆஸ்பத்திரிக்கே அந்த ஒரு சர்வர்தான். அதற்குள் இருந்த டிஸ்க்குகளைக் கூறுபோட்டு, நெட்வொர்க் வழியாக மற்ற கணினிகளுக்குப் பங்கு கொடுத்திருந்தார்கள். அவசரப் பிரிவுக்கு ஒரு பங்கு, எக்ஸ்ரே அறைக்கு ஒன்று, டாக்டர் படம் பார்க்கும் அறைக்கு ஒன்று. அந்தந்தக் கணினிக்கு அது தன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும் சொந்த டிஸ்க் போலத்தான் தெரியும். எழுதும், படிக்கும், அழிக்கும். உண்மையில் எழுத்து விழுவதெல்லாம் இந்தச் சிவப்பு அறையில்.

எந்தப் பங்கு ஊதிப் பெருத்து மற்றதை நெருக்குகிறது என்று பார்த்தாள். தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. லிபாஸ் என்று பெயர் வைத்த பங்குதான் பாதிக்கு மேல் விழுங்கியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் வளர்ந்தது.

கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "மனா, லிபாஸ் எந்த வார்டு?"

பெலென் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

"வார்டு இல்ல அது. தீவு," என்றார். தண்ணீரை மூடிவிட்டுக் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "மெல்லப் பேசு. தியோ காதுல விழுந்துடப் போகுது."

போன மழைக்காலத்தில் லிபாஸ் தீவின் மலைச்சரிவு அப்படியே பெயர்ந்து இறங்கியது. சர்ச், பள்ளிக்கூடம், கரையோர வீடுகள், சின்ன கிளினிக், எல்லாம் மண்ணுக்கடியில். முக்கால்வாசி ஜனங்கள் பிழைத்துவிட்டார்கள். சரிவதற்குச் சற்று முன்னால் சர்ச் மணி விடாமல் அடித்ததாம். ஏன் அடிக்கிறது என்று தெரியாமலே எல்லாரும் வெளியே ஓடிவந்து படகுத்துறைப் பக்கம் போயிருக்கிறார்கள். மணி அடித்தது யாரென்று கேட்டால், தான் இல்லை என்கிறார் கோயில்பிள்ளை. மலை குலுங்கியதில் தானாக அடித்திருக்கும் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். இறந்தவர்களை ஒவ்வொருவராகத் தோண்டி எடுத்தார்கள். ஒருத்தி மட்டும் கிடைக்கவே இல்லை.

"அரசேலி. கிளினிக்ல எக்ஸ்ரே எடுக்கறவ. காசநோய் பாக்கறதுக்காக அங்க ஒரு சின்ன மிஷின் குடுத்திருந்தாங்க. நம்ம தியோவோட பொண்டாட்டி. இவன் இங்க எக்ஸ்ரே எடுப்பான், அவ அங்க எடுப்பா. படமெல்லாம் இங்கதான் வந்து விழும். கிளினிக் இருந்த எடத்த மாசக்கணக்கா தோண்டினாங்க. ஒரு செருப்புகூடக் கிடைக்கல."

"அப்போ அந்தக் கணினி?"

"கணினியா? அந்தக் கட்டடத்தோட ஒரு செங்கல்லகூட யாரும் பாக்கல இண்டாய்."

ஜோவிதாவுக்கு மனசு கனத்தது. ஆனாலும் இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை என்றுதான் அப்போது தோன்றியது. இறந்துபோன ஊரின் பெயர் பட்டியலில் மிச்சம் இருக்கும். யாரும் நீக்கியிருக்க மாட்டார்கள். வேறு ஏதோ கணினி தவறிப்போய் அந்தப் பங்கில் எழுதிக்கொண்டிருக்கும். அதை மூடினால் இடம் கிடைக்கும். கிழவரின் படம் டாக்டருக்குப் போகும்.

உள்ளே வந்து, லிபாஸை மூடச் சொன்னாள்.

சர்வர் மறுத்தது. அந்தப் பங்கு இப்போது பயன்பாட்டில் இருக்கிறது.

யார் பயன்படுத்துவது என்று கேட்டாள்.

லிபாஸ் கிளினிக், எக்ஸ்ரே கணினி.

அதே பெயர், அதே முகவரி. தவறிப்போன வேறு கணினி எதுவும் இல்லை. ஜோவிதா விரலை விசைப்பலகையிலிருந்து எடுத்துக்கொண்டாள். குளிர்சாதனப் பெட்டியின் காற்று பிடரியில் பட்டது. சர்வரின் முகப்பில், லிபாஸ் பங்கு இருந்த மூன்றாவது டிஸ்க்கின் பச்சை விளக்கு துடித்தது. சற்று நின்றது. மறுபடி துடித்தது. யாரோ நிதானமாக வேலை செய்வது போல இருந்தது.

தீவுக்கான இணைப்பு மொட்டைமாடியில் இருந்த ரேடியோ ஆன்டெனா வழியாகத்தான் போனது. அவள் காவலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு மழையில் மாடிக்கு ஏறினாள். கம்பம், மலை சரிந்த அன்றைய புயலில் முறிந்து தரையோடு சாய்ந்து கிடந்தது. ஆன்டெனாவின் கிண்ணத்தில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்திருந்தது. அறுந்த கேபிளின் முனை துருவேறி, வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்திருந்தது.

அந்தக் கேபிளைத் தடவிக்கொண்டே இறங்கி வந்தாள். மாடிப்படி, வராந்தாக் கூரை, இருட்டறைச் சுவர். அது சர்வருக்குப் பக்கத்திலிருந்த பெட்டியில் வந்து முடிந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் பிடுங்கினாள்.

பச்சை விளக்கு துடித்தது.

பிடுங்கிய கேபிள் அவள் கையில் இருந்தது. மழையில் நனைந்த கம்பிதான். ஆனால் அது வெதுவெதுப்பாக இருந்தது.

ஜோவிதா அதைக் கீழே போட்டாள்.

ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கிழவரின் முனகல் வராந்தா வழியாகக் கேட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கொண்டுவந்த புது டிஸ்க் ஒன்றை அவசரமாகச் சொருகி, அதை அவசரப் பிரிவுக்குப் பங்கு கொடுத்தாள். சற்றைக்கெல்லாம் தாழ்வாரத்தில் யாரோ "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று கத்தினார்கள். கிழவரின் படம் டாக்டரிடம் போய்விட்டது. இனி லிபாஸை வலுக்கட்டாயமாக அழித்துவிட்டாலும் கேட்க ஆளில்லை. கட்டளையைத் தட்டிவிட்டாள். அழிக்கவா என்று சர்வர் கடைசியாக ஒருமுறை கேட்டது.

ஆம் என்று சொல்லும்முன் உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது.

எல்லாம் எக்ஸ்ரே படங்கள். போன வருஷத்தவை கொஞ்சம். மார்புப் படங்கள், மூச்சைப் பிடித்து நின்ற தீவு ஜனங்கள். அதற்குப் பிறகு, மலை சரிந்த நாளிலிருந்து இன்றுவரை, இடைவிடாமல் படங்கள்.

ஒன்றைத் திறந்தாள். சாம்பல் நிறம். வேறு எதுவும் இல்லை.

இன்னொன்று. சாம்பல். ஓரத்தில் கூழாங்கல் உருண்டைகள்.

இன்னொன்று. குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள். மயிர் என்று நினைத்தாள். இல்லை. வேர்கள்.

மண்ணை எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள்.

புதிய படங்களுக்கு வரவர வேர்கள் அடர்ந்தன. அவற்றின் நடுவே வெள்ளையாக ஏதோ தெரியத் தொடங்கியது. கடைசிப் படத்தைத் திறந்தாள்.

ஒரு கை.

விரல் எலும்புகள் எதையோ இறுகப் பிடித்தது போல மடங்கியிருந்தன. அவற்றின் இடையே வேர்கள் புகுந்து வெளியே வந்திருந்தன. மணிக்கட்டில், எலும்பைவிட வெண்மையாக, ஒரு உலோகத் தகடும் திருகாணிகளும்.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து பெலெனைக் கையைப் பிடித்து இழுத்தாள். வாசலோடு சரி என்று சொன்னவர் உள்ளே வந்துவிட்டார். திரையைப் பார்த்தார். மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"தகடு," என்றார். "மோட்டார்சைக்கிள்லேர்ந்து விழுந்தப்போ வெச்சது. நான்தான் கட்டுப்போட்டேன். ஐயோ, அரசேலி."

"மனோ தியோகிட்ட சொல்லணுமா?"

"சொல்லக் கூடாது. ஒரு வருஷமா அவன் எப்படி இருக்கான்னு உனக்குத் தெரியாது. நேத்துதான் மொதமொதலா ஒரு ஜோக் சொன்னான்."

"என்கிட்ட எதைச் சொல்லக் கூடாது?"

கதவருகே தியோ நின்றிருந்தார். ஒல்லியான ஆள், முட்டிவரை மடித்துவிட்ட கால்சட்டை, கையில் இரண்டு பிளாஸ்டிக் கோப்பைகளில் காப்பி. படம் வந்துவிட்ட சந்தோஷத்தில் ஜோவிதாவுக்குக் கொண்டுவந்திருக்கிறார். "செபுக்காரங்க காப்பி குடிப்பீங்கதானே? இல்ல, அங்கெல்லாம்…" என்று தொடங்கியவரின் கண் திரையில் விழுந்தது.

கோப்பைகளை மெதுவாகத் தரையில் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார். அழவில்லை. வேலை பார்க்கும் கண்ணோடு பார்த்தார்.

"யாரு எடுத்தது இது?"

தியோ திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"குறி வெச்சிருக்கு, பாருங்க," என்றார். படத்தின் மூலையில் சின்னதாக ஒரு வெள்ளை எழுத்து. வலப்பக்கம், இடப்பக்கம் குழம்பாமல் இருக்க எக்ஸ்ரே எடுப்பவர்கள் வைக்கும் ஈய எழுத்து. பக்கத்தில் எடுப்பவரின் பெயரெழுத்து. "இது அவளோட குறி. நான்தான் பொறந்தநாளுக்கு வாங்கிக் குடுத்தேன். வலது கைக்கு வலது. சரியாத்தான் வெச்சிருக்கா. எப்பவும் சரியாத்தான் வெப்பா."

"மனோ, வெளிய போயிடலாம்," என்று கிசுகிசுத்தாள் ஜோவிதா.

பச்சை விளக்கு துடித்தது. புதிதாக ஒரு படம் வந்து விழுந்தது.

தியோவே அதைத் திறந்தார். கை இப்போது ஓரத்துக்குப் போயிருந்தது. படத்தை நிறைத்துக்கொண்டு பெரிய வெண்மையான வளைவு ஒன்று. கவிழ்த்த கிண்ணத்தைச் சாய்த்து வைத்தது போல. அதன் நடுவே தடித்த நாக்கு.

"மணி," என்றார் பெலென்.

தியோ எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அவ கிளினிக்ல இல்ல. மணி அடிக்கப் போயிருக்கா. அவதான் அடிச்சிருக்கா, மனா! நாங்க இத்தன மாசமா தப்பான எடத்துல தோண்டிட்டோம்." சிவப்பு வெளிச்சத்தில் அவர் முகம் யாருடையதோ போல இருந்தது. "மணியோட விளிம்பு ரெண்டு மாசத்துக்கு முன்னால மழையில வெளிய தெரிஞ்சுது. தென்னந்தோப்புக்குக் கீழ. சும்மா உருண்டு வந்த மணின்னு அப்படியே போட்டுட்டோம்."

மறுநாள் விடிந்ததும் தியோவும், தீவிலிருந்து பிழைத்து வந்த சில ஆண்களும் மோட்டார் படகில் கிளம்பினார்கள். மழை விட்டிருந்தது. ஆனால் மேகம் விலகவில்லை. ஜோவிதாவும் வருவதாகச் சொன்னாள். தியோ மறுத்துவிட்டார்.

"நீங்க அந்த ரூம்ல இருக்கணும். படம் வந்தா எனக்குச் சொல்லணும்."

"நான் எக்ஸ்ரே படிச்சதில்ல, மனோ."

"ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். படம் விழற தகடு இருக்குல்ல, அதுக்குக் கிட்ட இருக்கறது கூர்மையா விழும். தள்ளி இருக்கறது மங்கலா, பெரிசா விழும். அவ்வளவுதான்." படகில் ஏறும்போது திரும்பிப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "பயமா இருந்தா பாட்டு பாடுங்க. அவளுக்குப் பாட்டு பிடிக்கும்."

ஜோவிதா கதவிடுக்கில் ஒரு நாற்காலியைக் கொடுத்து, அது சாத்தாமல் பார்த்துக்கொண்டாள். பெலென் வாசலில் ஜெபமாலையோடு உட்கார்ந்தார். தொலைபேசி ஜோவிதாவின் காதில் இருந்தது. தீவில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. காற்று, மண்வெட்டி, ஆண்களின் இரைப்பு.

முதல் படம் வந்தது. கை, வேர், மண்.

அடுத்தது வந்தது. மேல்பக்கம் ஏதோ பெரிய மங்கல் நிழல். தட்டையாக, ஒரு முனை வளைந்து.

பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று விளங்கியது. அது மண்வெட்டி. மங்கலாக இருக்கிறது. படத்தகட்டிலிருந்து தள்ளி இருக்கிறது. கை கூர்மையாக இருக்கிறது.

அப்படியென்றால் படத்தகடு கையோடு ஒட்டி, கைக்கும் கீழே இருக்கிறது.

படம் எடுப்பவர் மண்ணுக்குள்ளிருந்து மேலே பார்த்து எடுக்கிறார்.

"மனோ," என்றாள். "இன்னும் ஆழத்துல இருக்காங்க. தோண்டுங்க."

படங்கள் வேகமாக வரத் தொடங்கின. விளக்கு நிற்கவே இல்லை. நிழல் சுருங்கியது, கூர்மையானது, நகர்ந்தது. பின்னால் இன்னொரு மண்வெட்டி. ஈரமண் வாசனை அறையை நிறைத்துவிட்டது. ஜோவிதாவுக்கு மூச்சு முட்டியது. வாசலில் பெலெனின் ஜெபம் வேகமெடுத்தது.

"இடப்பக்கம் போறீங்க. வலது பக்கம் வாங்க. மணியோட விளிம்பை ஒட்டி."

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம்."

ஒரு படம். மண்வெட்டியின் விளிம்பு கத்தி போலக் கூர்மையாக, விரல்களுக்கு நேர் மேலே.

"நிறுத்துங்க! கையில பட்டுடும்! மனோ, நிறுத்துங்க!"

தொலைபேசியில் எல்லாச் சத்தமும் நின்றது.

பிறகு வெறும் கையால் மண்ணை அள்ளும் சத்தம். யாரோ ஒருவர் சின்னப் பிள்ளையைப் போல விம்மினார். வெகுநேரம் கழித்துத் தியோவின் குரல் வந்தது, மிக மெல்லமாக, தூங்குகிறவளை எழுப்பிவிடக் கூடாது என்பது போல.

"கயிறு கையிலயே இருக்கு. மணிக்கயிறு. சுத்திப் பிடிச்சிருக்கா. விடவே இல்ல."

ஜோவிதா சர்வரைப் பார்த்தாள். பச்சை விளக்கு அணைந்திருந்தது.

பட்டியலில் லிபாஸ் கிளினிக் இல்லை. யாரும் மூடவில்லை, அழிக்கவில்லை. வேலை முடிந்து எழுந்து போனது போல இணைப்பு விட்டுப்போயிருந்தது. கடைசியாக வந்த படத்தைத் திறந்தாள். வேர் இல்லை, எலும்பு இல்லை. மண்கூட இல்லை. படத்தகட்டின் மேல், நடுவில் தடுக்க எதுவும் இல்லாமல், வெளிச்சம் மட்டும் விழுந்தது போலக் கன்னங்கரிய படம்.

அரசேலியைக் கொண்டுவந்து, ஊர் வழக்கப்படி வீட்டில் மெழுகுவத்தி ஏற்றி, விழித்திருந்து, ஜனம் கூடி அடக்கம் செய்தார்கள். தீவிலிருந்து பிழைத்த ஒவ்வொருவரும் வந்தார்கள். தள்ளாத ஒரு மூதாட்டி பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு, "நீதானா அடிச்சது, நீதானா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தியோ சூடான கஞ்சியை எல்லாருக்கும் தன் கையாலேயே ஊற்றினார். யாரோ சொன்ன வேடிக்கைக்குச் சிரித்தார். பிறகு அடுப்படிக்குப் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஜோவிதா இன்னும் சில நாள் தங்கி வேலையை முடித்தாள். பழைய டிஸ்க்குகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டி, பங்குகளை ஒழுங்குசெய்தாள். லிபாஸ் பங்கில் இருந்த படங்களைத் தியோவுக்குத் தனியாக எடுத்துக் கொடுத்தாள். பிறகு அந்தப் பங்கை அழித்தாள். இம்முறை சர்வர் மறுக்கவில்லை.

அறைக்கு வெள்ளை ட்யூப் மாட்டினார்கள். அது நன்றாக எரிந்தது. மண்வாசனை போய்விட்டது. பெலென் உள்ளே வந்து, குளிர்காற்றை அனுபவித்தபடி, "மதியத் தூக்கத்துக்கு இதைவிட நல்ல எடம் இந்த ஆஸ்பத்திரியிலேயே இல்ல. இத்தன வருஷம் வீணாக்கிட்டேனே," என்றார்.

கிளம்பும் நாள் பிற்பகல், ஜீப்னிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஜோவிதா எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று கடைசியாகப் பார்க்க உட்கார்ந்தாள். அவசரப் பிரிவு, எக்ஸ்ரே அறை, டாக்டர் அறை. மூன்றுதான். மூன்றும் ஒழுங்காக ஓடின. வெளியே வராந்தாவில் யாரோ பன் விற்றுக்கொண்டு போனார்கள். அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

முதுகுக்குப் பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது. அவசரமில்லாத குரல். ஒரே நாளில் எத்தனையோ பேரிடம் இதையே சொல்லிப் பழகிப்போன குரல்.

"நேரா நிமிந்து உக்காருங்க. மூச்ச நல்லா இழுங்க… அப்படியே பிடிச்சுக்கோங்க."

யோசிக்கும் முன்பே அவள் முதுகு நிமிர்ந்தது. நெஞ்சு விரிந்தது. மூச்சு உள்ளே போய் நின்றது.

புது டிஸ்க்கின் விளக்கு ஒரே ஒரு முறை மின்னியது.

திரையில், யாருக்கும் பங்கு கொடுக்காத வெற்றிடத்தில், ஒரு படம் மெல்லத் தெளிந்து வந்தது. இரண்டு நுரையீரல்கள். நிறையக் காற்று. சற்றும் அசையாத விலா எலும்புகள். கழுத்தடியில், அவள் முதல் நற்கருணையின்போது அம்மா போட்டுவிட்ட சின்னச் சங்கிலி.

ஜோவிதா மூச்சைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். நெஞ்சு வலிக்கத் தொடங்கியது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது.

'இப்ப மூச்ச விடலாம்' என்று யாரும் சொல்லவில்லை.